குரலுக்குக் கட்டம் இல்லாத படிவம்

ஐரிஸ் டன் எங்கள் பள்ளியில் சேர்ந்த அன்றே, அவள் பெயருக்குப் பக்கத்தில் நோலீன் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். சிவப்புப் புள்ளி என்றால், அந்தக் குழந்தையின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது, பெயர் பள்ளிக்கு வெளியே போகக்கூடாது. காரணத்தை ஆசிரியர்கள் கேட்கக்கூடாது. நானும் கேட்கவில்லை. ஆனால் கெட்டில் பே மாதிரி ஊரில், அலுவலக அறையில் நோலீன் மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது, கேட்காமலே எல்லாம் காதில் விழும்.

"அப்பன்காரன் கிட்டயே நெருங்கக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவாம்டி ட்ரூடி. ஆத்தாளும் மகளும் பேரையே மாத்திக்கிட்டு கடல் தாண்டி டாஸ்மேனியாவுக்கு ஓடி வந்திருக்காங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

முப்பத்தொரு வருடமாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். சிவப்புப் புள்ளி விஷயத்தில் என்னைக் குறை சொல்ல ஒருத்தர் இருந்ததில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தால் அந்தக் குழந்தைகளை முதுகு காட்டி நிற்க வைப்பேன். ஓட்டப்பந்தயத்தில் வென்றால் கோப்பையை மட்டும் படம் எடுப்பேன். நான் கெட்டிக்காரி என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஐரிஸுக்கு ஏழு வயது. பேசமாட்டாள். ஆமாம் என்றால் தலையசைப்பு, இல்லை என்றாலும் தலையசைப்பு. முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை, "மிஸ், பாத்ரூம் போகணும்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கைக்குழந்தையாக இருந்தபோது தொண்டையில் குழாய் வைத்திருந்தார்களாம். அதனால் அவள் குரல் கரகரவென்று, நடுநடுவே உடைந்து உடைந்து வரும். ஒரு தடவை கேட்டால் மறக்காது. எல்லாரும் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு பாத்ரூம் போகவும் கையைத்தான் தூக்கினாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. குழந்தை என்றால் பேச வேண்டும், கத்த வேண்டும், என் தலையை வலிக்க வைக்க வேண்டும்.

ஜூலை மாதம் தலைமை ஆசிரியர் க்ரெய்க், டேப்லெட்டுகளில் ஒரு புதுச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். மூக்கு ஒழுகிக்கொண்டு என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பயல்தான் இந்த க்ரெய்க், இப்போது எனக்கே மேலதிகாரி. குழந்தை ஒரு படம் வரைந்து, அதை டேப்லெட்டில் படம் பிடித்து, வாய் இருக்கும் இடத்தில் விரலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு முப்பது நொடி பேச வேண்டும். அவ்வளவுதான், படத்தில் இருக்கிற மிருகம் அந்தக் குழந்தையின் குரலில் வாயைத் திறந்து திறந்து பேசும். முகம் தெரியாது, பெயர் தெரியாது. சிவப்புப் புள்ளிக் குழந்தைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே என்று நான் குதித்தேன்.

'நம்ம கரையோர உயிர்கள்' என்று தலைப்புக் கொடுத்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு மிருகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹார்லோ என்று ஒருத்தி. வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். அவள் டாஸ்மேனியப் பேய் என்கிற எங்கள் காட்டு மிருகத்தை எடுத்துக்கொண்டு போட்ட அலறலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தாள். ஐரிஸ் ஒரு குட்டிப் பெங்குவினை வரைந்தாள். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டுகள் தொங்கும் மூலைக்குப் போய், கோட்டுகளுக்குப் பின்னால் நுழைந்துகொண்டாள். கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

வந்து டேப்லெட்டை என் கையில் கொடுத்தாள். அமுக்கினேன்.

"நான் குட்டிப் பெங்குவின். பகல் பூரா கடல்ல இருப்பேன். இருட்டினதும் வீட்டுக்கு வருவேன். கரையில ஆயிரம் பெங்குவின் கத்தும். ஆனா எங்கம்மாவுக்கு என் சத்தம் மட்டும் தனியாக் கேக்கும். நான் எங்க இருந்தாலும் என் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று ஹார்லோ மேசையைத் தட்டினாள். ஐரிஸ் சிரித்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் பேசினாள். ஹார்லோவோடு சண்டைகூடப் போட்டாள். நான் ஆசிரியர் அறையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், வெட்கமே படாமல்.

வியாழக்கிழமை எல்லா மிருகங்களையும் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டேன். போடுவதற்கு முன் ஐரிஸின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. படிவத்தில் மூன்று கட்டங்கள். புகைப்படம், கூடாது. பெயர், கூடாது. குழந்தை வரைந்த படம், செய்த வேலை, போடலாம். அவள் அம்மா மார்னி மூன்றாவதில் மட்டும் டிக் அடித்திருந்தாள். குரலுக்கு ஒரு கட்டம் இல்லை. என் மண்டையிலும் இல்லை.

பெங்குவின் ஊரைத் தாண்டிப் போனது. யாரோ பகிர்ந்தார்கள், அதை யாரோ பகிர்ந்தார்கள். ஒரு தொலைக்காட்சியிலும் எடுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். மேலே எங்கள் பள்ளியின் பெயர் பெரிய எழுத்தில்.

திங்கள்கிழமை மணி அடிப்பதற்கு முன் மார்னி வகுப்புக்கு வந்தாள். உருளைக்கிழங்கு பொதி கட்டும் ஆலையில் வேலை அவளுக்கு. ரப்பர் பூட்ஸோடும் தலைமுடி வலையோடும் அப்படியே வந்திருந்தாள். கையில் போன். அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது நீங்க போட்டதா மிஸ் ஹேன்லன்?"

"ஆமா. அவ முகம் எங்கயும் இல்லையே. பேரும் போடல. நான் எல்லாத்தையும் பாத்துத்தான்..."

"குரலு?"

அவள் போனை அமுக்கினாள், ஐரிஸின் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"இந்த மாதிரி குரலு இந்த நாட்டுல வேற எந்தக் குழந்தைக்கு இருக்கு, சொல்லுங்க? ரெண்டு வருஷம் ராத்திரியெல்லாம் முழிச்சு அவளுக்குப் பேசக் கத்துக்கொடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? அவ அப்பன்தான். அவ இருமினாக்கூட அவனுக்குத் தெரியும்."

இதற்கு மேல் என்ன கெடுதல் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினேன். பதிவை எடுக்கச் சொன்னேன். நோலீன் எடுத்தாள். எடுத்துவிட்டு, முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தாள்.

"ட்ரூடி... வெள்ளிக்கெழம ஒருத்தர் போன் பண்ணாருடி. டிவியிலேர்ந்து பேசறேன்னாரு. அந்தப் பெங்குவின் பொண்ணுக்குப் பரிசு அனுப்பணும், நல்லாப் பேசுதேன்னாரு. ரொம்ப மரியாதையான ஆளு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சத்தியமா பேரு சொல்லல."

"நோலீன்!"

"கூச்சப்படற பொண்ணு, இந்த டெர்ம்தான் சேந்துச்சுன்னு மட்டும் சொன்னேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. என்னை அறைய வேண்டியது யார் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

மார்னி அன்றைக்கே கிளம்புகிறேன் என்றாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? இல்லை. க்ரெய்க்கின் அறையில் உட்கார்ந்து அவளுக்குப் புத்தி சொன்னேன்.

"அவசரப்படாதீங்கம்மா. பதிவ எடுத்தாச்சு. போலீஸ்ல சொல்லியாச்சு. இப்பத்தான் அவ வாயத் தொறந்திருக்கா. இப்பப் போயி இன்னொரு ஊரு, இன்னொரு ஸ்கூலுன்னு பிடுங்கி நட்டா, திரும்ப ஊமையாயிடுவா. என்னை நம்புங்க."

க்ரெய்க்கும், "நாங்க பாத்துக்கறோம்" என்றான். மார்னி பையிலிருந்து ஐரிஸின் அப்பன் புகைப்படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சாதாரண மூஞ்சி. காய்கறிக் கடையில் நமக்கு வழிவிட்டு நிற்கிற ஆள் மாதிரி இருந்தான். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. வாகன நிறுத்தத்தில் ஒரு கதவு சாத்தினால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் வண்டிக்காரனை முறைத்தேன். சாலையைக் கடக்க உதவும் கிழவர் புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார், அவரையும் சந்தேகப்பட்டேன். ஐரிஸுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு ஹார்லோவிடம் பெங்குவின் எப்படித் தூங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பழம் சாப்பிடும் இடைவேளை. பிள்ளைகள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே டேப்லெட்டில் கதை படித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மணி அடித்தது. நீளமாக இல்லை. விட்டு விட்டு, விட்டு விட்டு. ஒலிபெருக்கியில் க்ரெய்க்கின் குரல்.

"எல்லாரும் உள்ள போய்ப் பூட்டிக்கங்க. இது பயிற்சி இல்ல. மிஸ் ஹேன்லன், கதவு... கதவப் பூட்டுங்க மிஸ்."

முப்பது வருடத்துக்கு முன் என்னைக் கூப்பிட்ட மாதிரியே 'மிஸ்' என்று கூப்பிட்டான். என் பெயரை ஏன் தனியாகச் சொன்னான் என்று எனக்குப் புரிந்தது. ஐரிஸின் அப்பன் அலுவலக வாசல் வழியாக வரவில்லை, விளையாட்டு மைதானம் வழியாக நடந்து வந்ததை நோலீன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மைதானத்தை ஒட்டி இருக்கிற முதல் வகுப்பறை என்னுடையது.

கதவைப் பூட்டினேன். விளக்கை அணைத்துத் திரைகளை இறக்கினேன். பிள்ளைகள் பழகியிருந்தார்கள், மேசைகளுக்கு அடியில் நுழைந்துகொண்டார்கள். ஐரிஸை மட்டும் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மழைக்கோட்டுகளுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

வெளியே நடைபாதைப் பலகையில் காலடிச் சத்தம். அவசரமில்லாத காலடி. முதல் ஜன்னலில் நின்றது. பிறகு இரண்டாவது ஜன்னல். இருபத்திரண்டு குழந்தைகளும் மூச்சுக்கூட விடவில்லை. அவன் அடுத்த வகுப்பைப் பார்க்க நகர்ந்தான். காலடி தள்ளிப் போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரத்தில்தான் அது பேசியது.

"நான் குட்டிப் பெங்குவின். பகல் பூரா கடல்ல இருப்பேன்..."

ஹார்லோவின் டேப்லெட். மேசைக்கு அடியில் நுழையும்போது கையோடு எடுத்துப்போயிருக்கிறாள், முழங்கால் பட்டிருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேனே தவிர, டேப்லெட்டுகளில் இருந்ததை அழிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹார்லோ பதறிப்போய் அங்கேயும் இங்கேயும் அமுக்கினாள். சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. நான் தவழ்ந்து போய் அதைப் பிடுங்கி வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். என் வயிற்றுக்குள்ளிருந்து அது பேசி முடித்தது.

"...நான் எங்க இருந்தாலும் என் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க."

காலடிகள் திரும்பி வந்தன. இப்போது ஓட்டம். கதவுப் பிடி கீழே இறங்கியது, மேலே போனது.

"க்ளெமி?"

மெல்லிய, அன்பான குரல். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"க்ளெமி செல்லம், அப்பா வந்திருக்கேன்டா. உன் சத்தம் கேட்டுச்சு. கதவத் தொற கண்ணு. அப்பா உன்மேல கோவமா இல்ல."

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். க்ளெமி யார்? அவர்களுக்கு அப்படி ஒருத்தியைத் தெரியாது. நான் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினேன். ஹார்லோவுக்கு அடக்க முடியவில்லை, அவளால் என்றைக்கு முடிந்திருக்கிறது?

"இங்க க்ளெமின்னு யாரும் கெடையாது! நீங்க தப்பான வகுப்புக்கு வந்திருக்கீங்க!"

கதவுப் பிடியை அவன் விட்டுவிட்டான்.

"இப்பப் பேசினாளே பாப்பா, அவ யாரு?"

"அது யாருமில்ல, பெங்குவின்! டேப்லெட்ல இருக்கு! அதப் பேசினது எங்க..."

அவள் வாயைப் பொத்தினேன். இரண்டு கையாலும் பொத்தினேன். அவள் திமிறினாள், என் கையில் அவள் பற்கள் பதிந்தன. இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு பெயர் வந்திருந்தால், மாற்றிய பெயரும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"டேப்லெட்டா," என்றான் அவன். சிரித்தான். "எனக்குத் தெரியும்டா க்ளெமி, நீ உள்ளதான் இருக்க. நீ மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்."

நான் கோட்டுகளின் பக்கம் பார்த்தேன். கீழே இரண்டு சின்னச் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவற்றைச் சுற்றித் தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் துளியும் இல்லை.

பிறகு அவன் கதவை உதைக்க ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் மரம் விரிசல் விட்டது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். நான் என் மேசையை இழுத்துக் கதவோடு சேர்த்துத் தள்ளி, அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு வயது, எடை எண்பது கிலோ, முதல்முறையாக அந்த எடைக்கு நன்றி சொன்னேன். ஒவ்வொரு உதையும் என் முதுகெலும்பில் விழுந்தது. கடவுளே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அவளை விட்டுவிடு என்று மனதுக்குள் கத்தினேன்.

வெளியே க்ரெய்க்கின் குரல் கேட்டது. "சார்! தள்ளிப் போங்க சார்!" பயத்தில் குரல் கிறீச்சிட்டது. அவன் நல்லவன், தைரியசாலி இல்லை. ஆனாலும் வந்தான். ஏதோ விழும் சத்தம், க்ரெய்க் முனகும் சத்தம். அதற்கப்புறம் வண்டியின் சைரன். எங்கள் ஊரில் இருக்கிற ஒரே போலீஸ்காரர் வாரிக் வந்து சேர பதினொரு நிமிடம் ஆனது. என் வாழ்க்கையிலேயே நீளமான பதினொரு நிமிடம் அதுதான்.

பன்னிரண்டு மணிக்குள் மற்ற பிள்ளைகளையெல்லாம் பெற்றோர்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். க்ரெய்க்கின் மூக்கு உடைந்திருந்தது. நான் ஐரிஸைக் கழுவி, காணாமல்போன பொருள்கள் பெட்டியிலிருந்து ஒரு கால்சட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார வைத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அவள் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்னி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். வாரிக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளிடம் மெல்லச் சொன்னார்.

"இப்ப லாக்கப்புலதாம்மா இருக்கான். ஆனா எத்தன நாளுக்குன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஜாமீன்ல வந்தா, ஊர் தெரியும், ஸ்கூல் தெரியும். பொட்டியக் கட்டிக்கங்க. நானே உங்கள படகுத்துறை வரைக்கும் கொண்டு விடறேன்."

"புது பேரா?" என்று கேட்டாள் மார்னி, கடையில் விலை கேட்கிற மாதிரி.

"அது நல்லதும்மா."

ஐரிஸ் அம்மாவின் இடுப்பிலிருந்து முகத்தை எடுத்து என் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அப்போதுதான் பேசினாள். அந்தக் கரகரத்த குரலை இவ்வளவு மெதுவாக நான் கேட்டதில்லை.

"மிஸ், நான் இனிமே பேசவே மாட்டேன். யாருக்கும் கேக்காது. அப்ப நாங்க இங்கயே இருந்துக்கலாமா?"

நான் மண்டியிட்டேன்.

"நீ பேசினதுல தப்பே இல்ல கண்ணு. தப்பு பண்ணினது நான். நாந்தான் முட்டாள். நீ போற எடத்துல நல்லாப் பேசணும், சத்தமாப் பேசணும். சரியா?"

அவள் தலையசைத்தாள்.

"தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சரின்னு சொல்லு, எனக்காக."

ஐரிஸ் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள், அனுமதி கேட்கிற மாதிரி. மார்னி என் முகத்தைப் பார்க்காமல், வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். ஐரிஸ் உதடுகளை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். இருவரும் வாரிக்கின் பின்னால் நடந்தார்கள்.